மடிப்புக்குள் போன மீன்

லாங்டனில் கார் நிறுத்துமிடத்து ஞாயிற்றுச் சந்தை.
பெய்வதா வேண்டாமா என்று மழை யோசித்துக்கொண்டிருந்தது.
மிசஸ் மேச்சின் தன் கணப்படுப்பைப் பெயர்த்து
வாழைப்பழ அட்டைப்பெட்டியில் கொண்டுவந்திருந்தாள்.
ஆறங்குலச் சதுரம். பழுப்பு மையில் ஒரு நாரை.
மூன்று பவுண்டு.
"அது கோணல். இரண்டு கொடு, போதும்."
மூன்றே கொடுத்தேன்.

எனக்குத் தொழில் பல் செய்வது.
பீங்கானில், ஆளுக்கு அளவெடுத்து.
அப்பழுக்கில்லாமல் ஒரு பல் சூளையை விட்டு வந்தால்
வாயைத் திறந்ததும் அது பொய் என்று தெரிந்துவிடும்.
ஆகவே தூரிகையின் ஒற்றை மயிரால்
மயிரிழை விரிசல் ஒன்றை வரைந்துதான் அனுப்புவேன்.
அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

டைலில் அந்த வேலையைக் காலம் பார்த்துக்கொள்கிறது.
மேலே கண்ணாடிப் பூச்சு, கீழே மண்.
ஒரே நெருப்பில் வெந்தவைதான்,
ஆறும்போது சுருங்குவதில்தான் தகராறு.
அப்புறம் நூறு வருஷம்
மண் சுவரின் ஈரத்தைக் குடித்துக் குடித்துப் பருக்கும்,
பூச்சு பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கும்.
ஒரு ராத்திரி அலமாரியிலிருந்து
ணிங்.
நெவில் புரண்டு படுத்து,
"உன் முட்டை ஒன்று பொரிகிறது, க்வெண்டா" என்பான்.
தொள்ளாயிரத்துச் சொச்சம் டைல் வீட்டில்.
எங்கள் குளியலறைச் சுவர் மட்டும் இன்னும் பிளாஸ்டிக்.

பல் வெளுக்கும் மருந்தில்தான் நாரையை ஊறப்போட்டேன்.
மூன்றாம் நாள் விரிசல்களிலிருந்து கசிந்தது
யார் யாரோ குளிர்காய்ந்த கரி,
கொஞ்சம் மாட்டுக்கறிக் குழம்பு.
தண்ணீர் தேநீர் நிறமாயிற்று.
கீழே ஊற்ற மனசில்லாமல் ஒரு நாள் வைத்திருந்தேன்.

லென்ஸை எடுத்தேன்.
வால் பக்கம் ஒரு கீறல்.
அது செப்புத் தகட்டின் கீறல்,
அந்தத் தகட்டில் பிறந்த எல்லா நாரைக்கும் உண்டு.
என்னிடம் ஏற்கெனவே இருக்கும் நாரைக்கும் உண்டு.
அது ஒழுங்கான நாரை. அலகில் மீன், மீனுக்குச் செதில்கூட.

இதன் அலகில் எதுவும் இல்லை.
அலகின் நுனியும் கரை நாணலும்
ஒட்டுப்போட்டதுபோல் உரசி நின்றன.
நடுவில் மூன்று மில்லிமீட்டர் உலகத்தைக் காணோம்.

புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.
தகட்டிலிருந்து மெல்லிய தாளுக்கு, தாளிலிருந்து டைலுக்கு.
தாளை ஒரு பெண் விரித்துத் தேய்த்திருக்கிறாள்,
தேய்க்கையில் ஓரிடத்தில் அது மடிந்திருக்கிறது.
மடிப்புக்குள் மீன்.
பிறகு தாளை நனைத்து உரித்து
வாளியில் போட்டிருப்பாள், அவ்வளவுதான்.
மீன் கூழாகிச் சாக்கடை வழியே
கால்வாய்க்குப் போயிருக்கும்.
மாலை ஐந்தரை இருக்கலாம். திங்கள்கிழமை இருக்கலாம்.
பொருள் பாழென்று கூலியில் பிடித்தார்களா,
பார்க்காமலே சூளைக்கு ஏற்றினார்களா,
டைல் சொல்லவில்லை.
ஓரத்தில், பூச்சுக்கு அடியில்,
கட்டைவிரல் ரேகையில் பாதி மட்டும்.
என் கையை வைத்துப் பார்த்தேன். சின்ன விரல்.

ஹாரோகேட்டிலிருந்து பிரூவிட் என்று ஒரு வியாபாரி வந்தார்.
இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து
மீன் இருப்பதற்கு எண்பது பவுண்டு தந்தார்.
இன்னொன்றை விரல் நுனியால் தள்ளிவைத்தார்,
சாப்பாட்டில் பிடிக்காததை ஒதுக்குவதுபோல்.
நெவிலின் பார்வை பணத்திலிருந்து குளியலறைக்குப் போய் வந்தது.

இன்று ஒரு பஸ் டிரைவரின் முன்பல்.
பக்கத்துப் பல்லின் படம் இணைத்திருக்கிறார்கள்:
இடப்புறம் ஒரு கீற்று, புகையிலைக் கறை.
சூளை சூடேறுகிறது.
எதிரே ஜன்னல் விளிம்பில்
அது இன்னும் தலை குனிந்து
தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.
ஒற்றை மயிரை மையில் தோய்க்கிறேன்.
என்னவோ, இன்றைக்குக் கை
கொஞ்சம் நடுங்கினால் தேவலை போலிருக்கிறது.